நெல் ஆராய்ச்சியின் கணக்குப் புத்தகத்தில் நாம் எங்கே?

ஐ.ஆர். 8, ஐ.ஆர். 20 என்ற பெயர்களை நம் அம்மாக்களும் பாட்டிகளும் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். எந்த வயலில் நட்டார்கள், எந்த வயலில் அறுத்தார்கள், எது பதர் அதிகம், எது சோறு நன்றாக வரும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் அந்த எழுத்துக்கும் எண்ணுக்கும் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது, அதில் அரசுப் பணம் இருக்கிறது, நம் உழைப்பும் இருக்கிறது என்பதைப் பள்ளிக்கூடம் நமக்குச் சொல்லவில்லை. 'பசுமைப் புரட்சி' என்று ஐந்து மதிப்பெண் கேள்வியோடு முடித்துவிட்டது.

அரசு செலவில் நடக்கும் பயிர் ஆராய்ச்சியால் சமூகத்துக்கு எவ்வளவு லாபம் என்று மதிப்பிடுவதற்கென்றே பொருளாதாரத்தில் ஒரு தனித்துறை இருக்கிறது. அதன் முடிவுகளை வைத்துத்தான் எந்த ஆராய்ச்சிக்குப் பணம், எதற்கு இல்லை என்று வாதம் நடக்கிறது. ஆகவே அந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது, அதில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று பார்ப்பது நம் வேலை. நிலமற்ற தலித் கூலித் தொழிலாளியை நடுவில் நிறுத்தி அந்தக் கணக்கை இங்கே மறுபடி படித்துப் பார்க்கிறோம்.

முதலில் விதையின் வம்சாவளி. 1912ல் கோயம்புத்தூரில் நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. பார்னெல் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் அதை நடத்தினார், பின்னால் கே. ராமையா வந்தார். தொடக்க கால வேலை பெரும்பாலும் தேர்வுதான். உழவர் வயல்களில் இருக்கும் நெல்வகைகளைச் சேகரிப்பது, அதில் நல்ல செடியைத் தனியே எடுப்பது, அதை மட்டும் பெருக்குவது. ஆக, மூலப்பொருள் முழுக்க ஊரில் இருந்தது. பல நூறு ஆண்டுகளாக யாரோ பொறுக்கி, உலர்த்தி, விதைக்கோட்டை கட்டிக் காப்பாற்றியது.

அப்படிக் கோணமணி என்ற உள்ளூர் நெல்லில் தானாகத் தோன்றிய மாறுபட்ட செடியிலிருந்து 1921ல் வெளிவந்ததுதான் ஜி.இ.பி. 24. சன்ன அரிசிக்குப் பேர் போனது. அந்தப் பெயரைக் கவனியுங்கள்: 'அரசுப் பொருளாதாரத் தாவரவியலாளர்' என்ற பதவியின் ஆங்கில முதலெழுத்துகள் அவை. ஊர்க்காரர்கள் வைத்த கோணமணி போனது, ஓர் அதிகாரியின் பதவிப் பெயர் வந்து உட்கார்ந்தது.

இந்த ஜி.இ.பி. 24ன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உலகம் முழுக்கப் போனார்கள். திருவள்ளூர் பக்கம் திரூர்க்குப்பம் நிலையத்தில் கோ 18 என்ற ரகத்தோடு அதைச் சேர்த்து டி.கே.எம். 6 உருவானது. பிலிப்பைன்ஸில் 1960ல் அமைந்த சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம், தண்டுதுளைப்பானைத் தாங்கும் குணத்துக்காக டி.கே.எம். 6ஐ எடுத்துக் கலந்ததில் ஐ.ஆர். 20 பிறந்தது. 1976ல் வந்த ஐ.ஆர். 36ன் வம்சாவளியிலும் டி.கே.எம். 6 இருக்கிறது. அதே ஐ.ஆர். 36க்குள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மலபாரின் பட்டாம்பி நிலையத்து நெல்களும், உத்தரப் பிரதேசத்துக் காட்டு நெல் ஒன்றும் உண்டு. 1980களில் ஒரு கோடி ஹெக்டேருக்கு மேல் பயிரான ரகம் அது. அப்போது உலகத்தில் அவ்வளவு பரப்பில் வேறெந்த நெல்லும் நின்றதில்லை என்றார்கள்.

நம் வயல்களிலிருந்து போன குணம் ஐ.ஆர். என்ற முத்திரையோடு நம் வயலுக்கே திரும்பி வந்தது. இதைத் 'திருட்டு' என்று சிலர் எழுதுகிறார்கள். நாங்கள் அப்படி எழுத மாட்டோம். விதை இலவசமாகப் போனது போலவே, புது ரகங்களும் காப்புரிமைப் பூட்டு இல்லாமல்தான் வந்தன; அவற்றிலிருந்து விதை எடுத்து வைக்க யாரும் தடை போடவில்லை. எங்கள் கேள்வி வேறு. அந்தக் கோணமணியைக் காப்பாற்றியவர்கள் யார்?

'விவசாயிகள்' என்று பதில் வரும். காவிரிப் படுகையில் 'விவசாயி' யார் என்று கேட்டால் மிராசுதாரைக் காட்டுவார்கள். நாற்று விட்டவர், நட்டவர், களை பறித்தவர், அறுத்தவர், அடித்தவர், தூற்றியவர் பெரும்பாலும் சேரியைச் சேர்ந்த பண்ணையாட்கள். கலப்புச் செடியைக் கண்ணால் பார்த்துப் பிடுங்கி எறிவது களை எடுக்கும் பெண்ணின் வேலை. முழங்கால் அளவு நீரில் குனிந்து நின்று, ஆயிரம் செடிகளுக்கு நடுவில் ஒரு செடி உயரத்தில், இலையின் நிறத்தில் மாறி நிற்பதைக் கண்டுபிடிக்கும் கண்ணுக்கு ஆராய்ச்சி நிலையத்தில் சம்பளம் உண்டு, பதவி உண்டு. வயலில் அதற்குப் பெயர் வெறும் 'கூலி வேலை'.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர், பறையர் மக்களின் நிலை பற்றி அறிக்கை கொடுத்தது 1891ல். நிலம் இல்லாததே அவர்களின் அடிமைத்தனத்துக்கு வேர் என்று அதில் எழுதினார். அடுத்த ஆண்டு பஞ்சமி நிலம் பற்றிய அரசாணை வந்தது. அந்த நிலங்கள் எப்படிக் கைமாறின என்பது நமக்குத் தெரிந்த கதை. இருபது ஆண்டு கழித்து அதே அரசு நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியபோது, நல்ல விதை வந்தால் அதைப் போட நிலம் உள்ளவர்களுக்குத்தான் அது என்பது சொல்லாமலே முடிவாகி இருந்தது. நிலமும் விதையும் அரசின் இரண்டு தனித்தனிக் கோப்புகளாகவே கடைசிவரை இருந்தன.

இனி கணக்குக்கு வருவோம். இந்த மதிப்பீட்டுக் கலையின் தொடக்கமாக எல்லோரும் சொல்வது அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஸ்வி கிரிலிகஸ் 1958ல் எழுதிய கட்டுரை. கலப்பின மக்காச்சோளத்துக்கு அரசும் தனியாரும் செலவிட்ட ஒவ்வொரு டாலரும் 1955 நிலவரப்படி ஆண்டுக்குக் குறைந்தது 700 சதவீதம் சம்பாதித்துத் தருகிறது என்று அவர் கணக்குப் போட்டார். வழிமுறை எளிமையானது. விளைச்சல் கூடினால் விலை இறங்கும்; வாங்குகிறவருக்கு மிச்சம். விளைவிப்பவருக்குச் செலவு குறையும், அவருக்கும் மிச்சம். இரண்டையும் கூட்டி ஆராய்ச்சிச் செலவோடு ஒப்பிட வேண்டும். மொத்தம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். யாருக்கு எவ்வளவு என்பதை அந்த மொத்தம் சொல்லாது.

இந்த ஓட்டையை வெளிச்சம் போட்டுக் காட்டியது ஒரு தக்காளி. கலிபோர்னியாவில் தக்காளி பறித்தவர்கள் பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து ஒப்பந்தத்தில் அழைத்து வரப்பட்ட கூலிகள். அந்த ஒப்பந்தத் திட்டம் 1964ன் முடிவில் நின்றது. அதற்கு முன்பே கலிபோர்னியா அரசுப் பல்கலைக்கழகம் இரண்டு வேலைகளைச் சேர்த்துச் செய்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் பொறியாளர்கள் அறுவடை இயந்திரம் செய்தார்கள். மறுபக்கம் ஜாக் ஹன்னா என்ற பயிர் விஞ்ஞானி, இயந்திரத்தில் அடிபட்டாலும் நசுங்காத, எல்லாக் காயும் ஒரே நேரத்தில் பழுக்கிற தக்காளியை உருவாக்கினார். இயந்திரத்துக்காகவே செடி வளர்த்தெடுக்கப்பட்டது. சில ஆண்டுகளில் அந்த மாநிலத்தின் பதப்படுத்தும் தக்காளி ஏறத்தாழ முழுவதும் இயந்திர அறுவடைக்கு மாறியது.

ஆண்ட்ரூ ஷ்மிட்ஸ், டேவிட் செக்லர் என்ற இருவர் 1970ல் இதை மதிப்பிட்டார்கள். கிரிலிகஸ் வழியில் பார்த்தால் ஆராய்ச்சிக்குக் கிடைத்த வருமானம் 1,000 சதவீதம் அளவுக்கு வந்தது. அத்தோடு நிறுத்தாமல் அவர்கள் வேலை இழந்தவர்களின் கூலியையும் கணக்கில் ஏற்றினார்கள். அவர்களுக்கு நஷ்டஈடு கொடுத்தாலும் சமூகத்துக்கு லாபம் மிஞ்சும் என்று வந்தது. நஷ்டஈடு கொடுக்கப்பட்டதா? இல்லை. 'கொடுத்திருக்க முடியும்' என்பது காகிதத்தில் இருந்தது. தொழிலாளியின் கையில் ஒன்றும் இல்லை. பொருளாதாரப் பாடம் படிக்கும் தோழர்கள் அந்தக் 'கொடுத்திருக்க முடியும்' என்ற சொல்லைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். பல திட்ட அறிக்கைகளில் அது உங்களைச் சந்திக்கும்.

அங்கே தொழிலாளர்களும் சிறு விவசாயிகளும் சும்மா இருக்கவில்லை. 1979ல் அந்தப் பல்கலைக்கழகத்தின் மீதே வழக்குப் போட்டார்கள். பொதுப்பணம் பெரிய பண்ணைகளுக்கு மட்டும் உழைக்கிறது என்பது வாதம். 1987ல் கீழ்நீதிமன்றம் அவர்கள் பக்கம் சாய்ந்தது. 1989ல் மேல்முறையீட்டில் தீர்ப்பு மாறியது. தோற்றாலும், ஓர் ஆராய்ச்சி யாருக்காக என்று நீதிமன்றத்தில் நின்று கேட்க முடியும் என்று காட்டிவிட்டார்கள். நம் நாட்டில் ஓர் அறுவடை இயந்திரத்துக்காக, ஒரு நெல் ரகத்துக்காக இப்படி ஒரு கேள்வி கூண்டேறியதாக நாங்கள் படித்ததில்லை.

கலிபோர்னியாவில் தக்காளி மாறிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் தஞ்சாவூரில் நெல் மாறிக்கொண்டிருந்தது. 1960-61ல் தொடங்கிய தீவிர வேளாண்மைத் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் மாவட்டங்களில் தஞ்சையும் ஒன்று. விதை, உரம், கடன் எல்லாம் ஒரே கட்டாக வந்தன. 1965ல் ஆடுதுறை நிலையம் ஆடுதுறை 27ஐ வெளியிட்டது. ஜப்பானிய நெல் ஒன்றையும் நம் பழைய ஜி.இ.பி. 24ஐயும் சேர்த்துப் பெற்ற ரகம். ஏறத்தாழ 105 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். குறுவைக்கு ஏற்றது. சில ஆண்டுகளுக்குள் படுகையின் குறுவை வயல்களில் அதுவே நின்றது.

குறுகிய கால ரகம் என்றால் வயலில் என்ன நடக்கும்? குறுவை அறுவடையும் தாளடி நடவும் ஒன்றின் மேல் ஒன்று வந்து விழும். மேலே வடகிழக்கு மழை மிரட்டும். அந்தச் சில வாரங்களுக்கு ஆள் கிடைப்பது அரிது. காலங்காலமாகக் கேட்ட கூலியைப் பேரம் பேசிப் பெற நம் மக்களுக்கு வாய்த்த நேரம் அது. செங்கொடிச் சங்கம் பல ஆண்டுகளாகக் கட்டி வைத்திருந்த அமைப்பும் இருந்தது. 1952ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததே அந்தப் போராட்டங்களால்தான். விளைச்சல் கூடியிருக்கிறது, மரக்கால் கூடவில்லையே என்று கேட்டார்கள். நிலவுடைமையாளர்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் அமைத்து, வெளியூர் ஆட்களை இறக்கினார்கள்.

1968 டிசம்பர் 25 இரவு, கீழவெண்மணி. 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அரைப்படி நெல் கூடக் கேட்டதற்காக என்று நம் மேடைகளில் சொல்கிறோம். அந்த அரைப்படி எந்த நெல் என்று கேட்டவர்கள் குறைவு. தண்டனை பெற்ற நிலவுடைமையாளர்களை உயர்நீதிமன்றம் விடுவித்ததையும் நாம் மறக்கவில்லை. 1969ல் கிழக்குத் தஞ்சைக்கென்று நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அதற்கு 44 உயிர் விலை.

ஆடுதுறை 27ஐ உருவாக்கிய விஞ்ஞானிகள் வெண்மணிக்குக் காரணம் என்று நாங்கள் சொல்லவில்லை. தீ வைத்தவர்கள்தான் காரணம். சாதிதான் காரணம். ஆனால் ஆடுதுறை 27 வெற்றியா தோல்வியா என்று எழுதும்போது ஏக்கருக்கு எத்தனை மூட்டை கூடியது என்பதோடு நிறுத்திக்கொண்டால், அந்தக் கூடுதல் மூட்டையைப் பங்கு போடுவதில் அதே வயல்களில் நடந்த சண்டை அந்த மதிப்பீட்டுக்குள் வரவே வராது. விளைச்சல் வேளாண்மைத் துறையின் ஆவணத்தில் இருக்கும். வெண்மணி காவல்துறையின் ஆவணத்தில் இருக்கும். நம் மாணவர்களாவது இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் படிக்க வேண்டும்.

இதைச் சொன்னதும், 'அதனால்தான் மரபு நெல்லுக்குத் திரும்ப வேண்டும்' என்று ஒரு குரல் வரும். மாப்பிள்ளைச் சம்பாவின் மீது எங்களுக்குப் பகை இல்லை. பூச்சி, நஞ்சு, நிலத்தடி நீர் பற்றி அவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் மரபு நெல் செழித்த காலம் பண்ணையாள் காலமும்தான். சாணிப்பாலும் சாட்டையும் அந்தப் பொற்காலத்தில்தான் இருந்தன. அதிக விலைக்கு விற்கும் மரபு அரிசியை வாங்கிச் சமைக்கக் கூலிக் குடும்பத்தால் முடியாது.

இங்கே எதிர்ப்பக்கத்துச் சான்றையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். ராபர்ட் எவன்சன், டக்ளஸ் கோலின் இருவரும் 2003ல் வெளியிட்ட மதிப்பீட்டில் புதிய ரகங்கள் வராமலே இருந்திருந்தால் 2000ம் ஆண்டு வாக்கில் உணவுப் பயிர்களின் விலை 35 முதல் 66 சதவீதம் வரை கூடுதலாக இருந்திருக்கும் என்றார்கள். நிலம் இல்லாதவர் அரிசியை விற்பவர் இல்லை, வாங்குபவர். விலை ஏறாமல் இருந்தது நம் வீட்டு அடுப்புக்கு வந்து சேர்ந்த லாபம். வட ஆற்காட்டு கிராமங்களை 1970களின் தொடக்கத்திலும் பத்தாண்டு கழித்தும் ஆராய்ந்து பீட்டர் ஹேசல், சி. ராமசாமி 1991ல் வெளியிட்ட நூலும், சிறு விவசாயிகள், நிலமற்றவர்கள் வருமானமும் உயர்ந்தது என்றே சொல்கிறது. பசுமைப் புரட்சி பணக்காரரை மட்டும் வளர்த்தது என்ற ஒற்றை வரி அங்கே பொருந்தவில்லை. ஆனால் குறிப்பாகக் கவனியுங்கள்: அதைக் கண்டுபிடிக்க முடிந்ததற்குக் காரணம், அவர்கள் நிலமற்ற குடும்பங்களையும் தனியாக எண்ணினார்கள் என்பதே. எண்ணினால்தான் நல்லதோ கெட்டதோ தெரியும். சாதிவாரியாகவும், ஆண் பெண் வாரியாகவும் எண்ணினால் இன்னும் தெரியும்.

கூலி நெல்லாக இருந்ததா, பணமாக இருந்ததா என்பது கூட விடையை மாற்றும். நெல் விலை இறங்கினால் பணக்கூலி வாங்குபவருக்கு அது லாபம். நெல்லாகவே கூலி வாங்கி, அதில் கொஞ்சம் விற்று உப்பு, புளி, துணி வாங்குபவருக்கு அது நட்டம். இந்தச் சின்ன விஷயம் மொத்தக் கணக்குகளில் காணாமல் போகிறது.

விதை வங்கிகளுக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. அதே கோலினும் எவன்சனும் 1990களில் போட்டது: சர்வதேச நெல் நிறுவனத்தின் சேகரிப்பில் மேலும் 1,000 விதை மாதிரிகள் சேர்ந்தால், அதன் பலனாகச் சுமார் 5.8 புதிய ரகங்கள் வரும். அவற்றின் இன்றைய மதிப்பு சுமார் 32.5 கோடி டாலர். நெல் மாதிரிகளைச் சேமித்து வைக்கும் செலவோடு ஒப்பிட்டால் பெரிய லாபம். பொது விதை வங்கிகளுக்குப் பணம் கேட்க இது வலுவான வாதம், நாங்களும் அதை ஆதரிக்கிறோம். அவை தனியாருக்குக் கைமாறினால் முதலில் இழப்பவர்கள் நாமே.

ஆனால் அந்த 1,000 மாதிரிகள் வங்கிக்குள் நுழையும்போது எழுதப்படும் பதிவைப் பாருங்கள். சேகரித்த நிறுவனம், நாள், இடம், அட்சரேகை, தீர்க்கரேகை, உள்ளூர்ப் பெயர் என்று கட்டங்கள் இருக்கின்றன. வயலில் எடுத்ததா, வீட்டுக் குதிரில் எடுத்ததா, சந்தையில் வாங்கியதா என்பதற்குக் கூடக் குறியீடு உண்டு. சர்வதேச அளவில் ஒத்துக்கொண்ட அந்தப் படிவத்தில், விதையைக் கையில் அள்ளிக் கொடுத்த உழவரின் பெயருக்கென்று தனிக் கட்டம் இல்லை. 32.5 கோடி டாலர் கணக்கின் முதல் வரியிலேயே ஆள் விடுபட்டுப் போகிறார்.

இந்தியாவில் 2001ல் வந்த பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் இதைக் கொஞ்சம் சரிசெய்யப் பார்த்தது. பாரம்பரிய விதை புது ரகத்துக்குப் பயன்பட்டால் அந்தச் சமூகம் பங்கு கேட்கலாம். அதற்கென்று தேசிய மரபணு நிதி உண்டு. நல்ல சட்டம்தான், பல நாடுகளில் இது கூட இல்லை. ஆனால் அதன் 2வது பிரிவில் 'உழவர்' என்பதற்குள்ள விளக்கத்தை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். தானே பயிர் செய்பவர் உழவர். வேறொருவரைக் கொண்டு பயிர் செய்து, அதை நேரடியாக மேற்பார்வை செய்பவரும் உழவர். வரப்பில் குடை பிடித்து நின்றவர் இந்த வரியில் உழவராகிவிட்டார். சேற்றில் நின்றவர் 'வேறொருவர்' ஆகிவிட்டார்.

அதே விளக்கத்தில் மூன்றாவதாக ஒரு வரி இருக்கிறது. காட்டு இனங்களையோ பாரம்பரிய ரகங்களையோ காப்பாற்றி வைப்பவர், அவற்றின் பயனுள்ள குணங்களை அடையாளம் கண்டு தேர்ந்தெடுத்து மதிப்புக் கூட்டுபவர், அவரும் உழவர். இதற்கு நிலம் வேண்டும், பட்டா வேண்டும் என்று அந்த வரி சொல்லவில்லை. களை பறித்துக்கொண்டே கலப்புச் செடியை அடையாளம் கண்ட நம் பாட்டி இதற்குள் வருவார். 41வது பிரிவு, ஒரு கிராமத்து அல்லது உள்ளூர்ச் சமூகத்தின் சார்பில் எந்தத் தனிநபரும், குழுவும், தொண்டு நிறுவனமும் உரிமை கோரலாம் என்கிறது. சேரியும் ஓர் உள்ளூர்ச் சமூகம்தான்.

முதுகலை ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். பயிர் ரகங்களைப் பற்றி ஊரில் கேட்கப் போனால் ஊர்த்தெருவோடு திரும்பிவிடாதீர்கள். எழுபது வயதைத் தாண்டிய நம் பெண்களிடம் உட்காருங்கள். ஆடுதுறை 27 வந்த ஆண்டு யார் வயலில் முதலில் நட்டார்கள், அறுவடைக்கு எத்தனை மரக்கால் கொடுத்தார்கள், அதற்கு முந்திய நெல்லுக்கு எத்தனை, விதை நெல்லை யார் பொறுக்கினார்கள், எந்தச் செடியைப் பார்த்து எறிந்தார்கள், இயந்திரம் வந்த ஆண்டில் எத்தனை நாள் வேலை போனது என்று கேளுங்கள். பெயர், ஊர், நாள் போட்டு எழுதுங்கள். ஒலிப்பதிவு செய்வதற்கு முன்னால் அவர்களிடம் அனுமதி வாங்குங்கள், எழுதியதைப் படித்துக் காட்டுங்கள். ஆடுதுறை 27 வந்தபோது இருபது வயதில் இருந்தவருக்கு இன்று எண்பதுக்குக் குறையாது.